கண்ணாடியின் வெப்பம் ஏன் கணக்கில் வரவில்லை?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் உப்பளங்களைக் கண்டிருப்பார்கள். வெள்ளைக் குவியல்களும் சதுரம் சதுரமான பாத்திகளும் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தெரியும். உப்பு விளையும் பாத்தியில் தண்ணீரை ஆழமாக நிறுத்துவதில்லை. தண்ணீர் ஆழமாக இருந்தால் சூடேற நேரமாகும், ஆவியாகவும் நேரமாகும். எனவே மெல்லிய படலமாகத்தான் நிறுத்துகிறார்கள். அதிகப் பொருள் மெதுவாகச் சூடாகும், குறைந்த பொருள் விரைவாகச் சூடாகும் என்ற இந்த எளிய உண்மைக்குப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் உள்ள பெயர் வெப்ப ஏற்புத்திறன்.

இதே வெயில்தான் இந்தக் கடற்கரையில் உள்ள வீடுகள் மேலும் அலுவலகங்கள் மேலும் விழுகிறது. ஒரு கட்டடம் எவ்வளவு சூடாகும், எப்போது சூடாகும், அதைக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம் ஆகும் என்பதை இன்று கட்டுவதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டுவிடுகிறார்கள். இதைத்தான் வெப்ப சிமுலேஷன் என்கிறார்கள். இந்தக் கணக்கில் சுவர், தரை, கூரை எல்லாவற்றின் வெப்ப ஏற்புத்திறனும் வரும். ஆனால் உலகம் முழுவதும் பயன்படும் சில முக்கிய மென்பொருள்களில் கண்ணாடியின் வெப்ப ஏற்புத்திறன் மட்டும் பூஜ்யம்! கண்ணாடி எடை இல்லாத பொருளா என்ன? பிறகு ஏன் இப்படி? அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை என்று பார்க்கலாம்.

* 6 மி.மீ. கண்ணாடி: எடை 15 கிலோ. தேவைப்படும் வெப்பம் சுமார் 12.6 கிலோஜூல்.
* 5 செ.மீ. ஆழ உப்புநீர்: சுமார் 200 கிலோஜூல்.
* 10 செ.மீ. கான்கிரீட் தளம்: இதுவும் சுமார் 200 கிலோஜூல்.
* ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்: சுமார் 350 கிலோஜூல்.

செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் கண்ணாடி 28-ல் ஒரு பங்குதான். மதியம் சுவரின் வெளிப்புறத்தில் ஏறும் சூடு 6 முதல் 8 மணி நேரம் கழித்து, இரவில் தூங்கப் போகும் நேரத்தில் அறைக்குள் வந்து சேர்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெளிக்காற்றும் உள்காற்றும் சேர்ந்து ஒரு டிகிரிக்குச் சுமார் 30 வாட் வெப்பத்தை அதனிடமிருந்து எடுத்துச் செல்லும் என்று வைத்துக்கொண்டால், 12,600-ஐ 30-ஆல் வகுக்க 420 வினாடி, அதாவது 7 நிமிடம் வருகிறது. ஏற்பட வேண்டிய வெப்பநிலை மாற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அது 7 நிமிடத்தில் முடித்துவிடும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பினால் கண்ணாடி சில நிமிடங்களில் அதை உணரும். சுவர் அன்று இரவுதான் உணரும்.

இந்த 7 நிமிடத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதுதான் கேள்வி.

கண்ணாடி இருந்தது, கண்ணாடி ஜன்னல் இல்லை

இந்தக் கடற்கரைக்குக் கண்ணாடி புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் பல நூற்றாண்டுகள் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. 1945-ல் மார்ட்டிமர் வீலரும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகள் அந்த ஊரின் வணிகத்தையும் தொழிலையும் உலகுக்குக் காட்டின. அங்கே செய்யப்பட்ட சிறிய வண்ண மணிகள் கடல் கடந்து சென்றன. ஆனால் அதே கண்ணாடி வீட்டுச் சுவரில் ஏறவில்லை.

காரணம் எளிது. குளிர் நாட்டில் ஜன்னலுக்கு இரண்டு வேலைகள்: வெளிச்சம் வர வேண்டும், காற்று வரக் கூடாது. கண்ணாடி அதற்கு ஏற்றது. இங்கே தேவை தலைகீழ்: காற்று வர வேண்டும், வெயில் வரக் கூடாது. அதற்குக் கண்ணாடி எந்த வகையிலும் பொருந்தாது. எனவேதான் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு வீடுகளில் உயரமான ஜன்னல்களும், அவற்றில் சாய்வான மரப்பட்டைகள் வைத்த கதவுகளும் இருக்கின்றன. தமிழர் தெருக்களில் திண்ணையும், அதன் மேல் தாழ்வாரமும், வீட்டின் நடுவே முற்றமும் அதே வேலையைச் செய்தன. கனமான சுவரும், மெட்ராஸ் டெரஸ் என்ற செங்கல்-சுண்ணாம்புக் கூரையும் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டன.

நவீனக் கட்டடக்கலை வந்த பிறகும் இந்த அறிவு உடனே போய்விடவில்லை. அதற்குச் சிறந்த சாட்சி புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி. இதை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து அமெரிக்கரானவர். டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் பணியில் பிராங்க் லாயிட் ரைட்டுடன் வேலை செய்தவர். அவருடன் பணியாற்றியவர்கள் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகஷிமாவும், லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்த பிரான்டிஷெக் சாம்மரும். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் கிடைத்த நன்கொடையில் 1930களின் பிற்பகுதியில் பணி தொடங்கி 1940களில் முடிந்தது. கோல்கொண்டாவின் நினைவாகவே அந்தப் பெயர்.

கான்கிரீட்டால் ஆன இந்தக் கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்த இரண்டு முகங்களிலும் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதிலாகத் திருப்பித் திறந்து மூடக்கூடிய கிடைப்பலகைகள் வரிசையாக உள்ளன. அறைக்கும் நடைபாதைக்கும் இடையே காற்று புகும்படி இடைவெளி விட்ட தேக்குப் பட்டைகளாலான நகர்வுக் கதவுகள். கூரையின் மேல் இன்னொரு மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரை, நடுவில் காற்று இடைவெளி. இந்தக் கட்டடத்தை இன்று சிமுலேஷன் செய்தால் கண்ணாடியின் வெப்ப ஏற்புத்திறன் பற்றிய கேள்வியே அநேகமாக எழாது. நிழலும் காற்றும் கான்கிரீட்டும்தான் அங்கே கணக்கு.

பேனாவும் காகிதமும் இருந்த காலம்

வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படி நகர்கிறது என்பதற்கான சமன்பாட்டை 1822-ல் பிரான்ஸின் ஃபூரியே வெளியிட்டார். ஆனால் ஒரு வீட்டுக்கு அதைப் பயன்படுத்துவது எளிதல்ல. வெயிலும் காற்றும் மணிக்கு மணி மாறும். எனவே பொறியாளர்கள் நீண்ட காலம் நிலையான நிலைக் கணக்கையே போட்டார்கள். வெளியே இவ்வளவு டிகிரி, உள்ளே இவ்வளவு டிகிரி, சுவர் வழியாக இவ்வளவு வாட். இதில் எந்தப் பொருளின் வெப்ப ஏற்புத்திறனும் வராது. குளிர்கால இரவில் அறையைச் சூடாக்கும் ஊர்களுக்கு அது ஓரளவு போதுமானதாக இருந்தது.

1925-ல் பிரான்ஸில் நெஸ்ஸி, நிசோல் என்ற இருவர் நேரத்தோடு மாறும் வெப்பத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சுவர் எப்படிப் பதில் சொல்கிறது என்று கூட்டிப் பார்க்கும் வழியைக் காட்டினார்கள். 1940களில் அமெரிக்காவில் மேக்கி, ரைட் ஆகியோர் 24 மணி நேரச் சுழற்சியாக வெயிலை எடுத்துக்கொண்டு, சுவர் அதை எவ்வளவு தாமதப்படுத்துகிறது, எவ்வளவு குறைக்கிறது என்று கணக்கிட்டார்கள். சுவரின் வெப்ப ஏற்புத்திறன் கட்டடப் பொறியியலுக்குள் இப்படித்தான் வந்தது.

கண்ணாடி தனி வழியில் போனது. கண்ணாடியில் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெயிலில் ஒரு பகுதி திரும்பிப் போகிறது, ஒரு பகுதி நேராக உள்ளே போகிறது, ஒரு பகுதியைக் கண்ணாடி உறிஞ்சிக்கொள்கிறது. சூரியனின் கோணம் மாற மாற இந்தப் பங்கீடும் மாறும். 1940களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜார்ஜ் பார்மலீ குழுவினர் இதைக் கருவி வைத்து அளந்தார்கள். அவர்கள் காலத்துப் பெரிய சிக்கல் கண்ணாடி எவ்வளவு வெயிலை விடுகிறது என்பதுதான். மணிக்கு ஒரு முறை எழுதப்படும் கணக்கில் 7 நிமிடத் தாமதம் யார் கண்ணுக்கும் தெரியாது. எனவே சுவருக்கு நேரம் உண்டு, கண்ணாடிக்கு நேரம் இல்லை என்ற பிரிவினை அப்போதே விழுந்துவிட்டது.

கணினி வந்தது, பிரிவினை தொடர்ந்தது

1967-ல் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த ஸ்டீபன்சன், மிட்டலஸ் இருவரும் நெஸ்ஸி-நிசோல் யோசனையைக் கணினிக்கு ஏற்ற வடிவில் கொண்டு வந்தார்கள். ஒரு மணி நேரம் என்பது ஒரு படி. இப்போதைய வெப்பம், முந்தைய மணியின் வெப்பம், அதற்கும் முந்தைய மணியின் வெப்பம் என்று சில எண்களைப் பெருக்கிக் கூட்டினால் போதும். அன்றைய கணினிகளின் சிறிய நினைவகத்துக்கு இது வரப்பிரசாதம். அமெரிக்காவில் தமாமி குசுடா 1970களில் உருவாக்கிய திட்டமும், அதே பத்தாண்டில் வந்த பிளாஸ்ட், டிஓஇ-2 ஆகியவையும் இந்த வழியில் வளர்ந்தன. பிளாஸ்ட், டிஓஇ-2 இரண்டின் வாரிசாக 2001-ல் வெளியானது எனர்ஜிபிளஸ். இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது இதுதான்.

எனர்ஜிபிளஸின் பொறியியல் கையேட்டில் இந்த விஷயம் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. கண்ணாடி சில மில்லிமீட்டர் தடிமனே உள்ளதால் அதில் சேமிக்கப்படும் வெப்பத்தைப் புறக்கணிக்கலாம் என்பது அதன் எடுகோள்களில் ஒன்று. 1975-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டிரன்சிஸ் மென்பொருளின் கட்டடப் பகுதியும் ஜன்னலை எடையற்ற சுவராகத்தான் பார்க்கிறது.

எல்லோரும் இதே வழியில் போகவில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஜோ கிளார்க் 1970களில் தொடங்கிய ஈஎஸ்பி, பின்னாளில் ஈஎஸ்பி-ஆர், வேறு பாதையை எடுத்தது. சுவரானாலும் கண்ணாடியானாலும் அதைச் சிறு சிறு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் எடையும் வெப்ப ஏற்புத்திறனும் கொடுத்து, எல்லாச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்கிறது. அங்கே கண்ணாடி என்பது வெயில் ஊடுருவும் சுவர், அவ்வளவுதான். தனி விதி எதுவும் தேவைப்படவில்லை.

ஆக, கண்ணாடியின் வெப்ப ஏற்புத்திறனை விட்டது இயற்கை விதி அல்ல. ஒரு மணி நேரப் படியும் சிறிய கணினியும் இருந்த காலத்தில் பொறியாளர்கள் யோசித்துச் செய்த ஒரு சிக்கனம்.

தமிழ்நாட்டுக்குக் கண்ணாடிச் சுவர் வந்த கதை

1959-ல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமமான தகடாக்கும் முறையை அறிவித்தது. பெரிய, தட்டையான கண்ணாடி மலிவானது. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை என்று சொல்லலாம். அந்த ஆண்டில்தான் சென்னையில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடி முகம் வைத்த அலுவலகங்கள் எழுந்தன. காற்றை விட்டு வெயிலைத் தடுத்த கடற்கரையில், வெயிலை விட்டுக் காற்றைத் தடுக்கும் கட்டடங்கள் வந்துவிட்டன.

இதை எச்சரித்தவர்கள் முன்பே இருந்தார்கள். மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் மற்றும் சிலர் எழுதி 1970களில் வெளிவந்த வெப்பமண்டல வீடமைப்புக் கையேடு, நிழல்தான் முதல் பாதுகாப்பு என்பதைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்பித்தது. இந்தியத் தர நிறுவனம் 1987-ல் வெளியிட்ட எஸ்பி 41 கையேடும் இந்தியத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற கணக்குகளைத் தந்தது.

அதன் பிறகு சட்டம் வந்தது. 2001-ல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம், 2007-ல் வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு, 2017-ல் அதன் திருத்திய பதிப்பு, 2018-ல் வீடுகளுக்கான ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா. கடைசியாகச் சொன்னதில் கட்டடத்தின் வெளிப்புறம் வழியாக உள்ளே வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அந்தச் சூத்திரத்தில் மூன்று பகுதிகள்: சுவர் வழி கடத்தல், கண்ணாடி வழி கடத்தல், கண்ணாடி வழி வெயில். மரக்காணம், புதுச்சேரி, சென்னை அடங்கிய வெப்ப-ஈரப்பத மண்டலத்துக்கு இவற்றின் பெருக்கெண்கள் முறையே 5.15, 1.31, 65.21.

சாதாரணத் தெளிந்த 6 மி.மீ. கண்ணாடிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். திசைக் காரணியை 1 என்று வைத்துக்கொண்டால், கடத்தலால் வருவது 5.8 பெருக்கல் 1.31, அதாவது சுமார் 7.6. வெயிலால் வருவது 0.8 பெருக்கல் 65.21, அதாவது சுமார் 52. கடத்தலைவிட வெயில் ஏழு மடங்கு! மூன்று பகுதிகளிலும் வெப்ப ஏற்புத்திறன் நேரடியாக வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணாடிக்கு மட்டுமல்ல, சுவருக்கும் அதில் இடமில்லை. வீட்டுக்காரர் கையிலேயே போட்டுப் பார்க்கும்படி எளிமையாக்கிய கணக்கு அது. முழு சிமுலேஷன் செய்யும்போதுதான் சுவரின் சேமிப்பு உள்ளே வருகிறது.

அப்படியானால் விட்டது தவறா?

வருடாந்திர மின்கட்டணக் கணக்குக்குத் தவறு இல்லை. ஒரு சதுர மீட்டர் 6 மி.மீ. கண்ணாடி 20 டிகிரி சூடேறினால் அதில் சேரும் வெப்பம் 252 கிலோஜூல். மேற்கு ஜன்னலில் 500 வாட் வெயில் அடித்து அதில் 400 வாட் உள்ளே வருகிறது என்றால், இந்த 252 கிலோஜூல் பத்தரை நிமிட வெயிலுக்குச் சமம். அதுவும் மாலையில் வெளியேறிவிடும், பாதிக்கு மேல் வெளிப்பக்கமே போய்விடும். நாள் கணக்கில் கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது சொற்பம். ஆனால் கண்ணாடி வழியே உள்ளே வந்த வெயில் தரையிலும் மேஜையிலும் விழுந்து அங்கே தங்கிவிடும். ராத்திரி வரை அறையைச் சூடாக வைப்பது கண்ணாடியின் சேமிப்பல்ல, அது உள்ளே விட்ட வெயிலைத் தரை சேமித்த சேமிப்பு.

ஆனால் இன்று நிலைமை மூன்று விதங்களில் மாறியிருக்கிறது.

ஒன்று, கண்ணாடி தடித்துவிட்டது. இரட்டைக் கண்ணாடியில் உட்பக்கத் தகடு வெளிக்காற்றைத் தொடுவதில்லை. அதிலிருந்து ஒரு டிகிரிக்குச் சுமார் 13 வாட்தான் வெளியேறும். எனவே அதன் தாமதம் 7 நிமிடம் அல்ல, 16 நிமிடம். உட்தகடு இரண்டு 6 மி.மீ. தகடுகளை ஒட்டிச் செய்ததாக இருந்தால் அரை மணி நேரத்தைத் தாண்டும்.

இரண்டு, கணக்கின் படி சுருங்கிவிட்டது. எனர்ஜிபிளஸில் இப்போது 10 அல்லது 15 நிமிடப் படியில் கணக்கிடுவது வழக்கம், ஒரு நிமிடப் படி வரைகூடப் போகலாம். படி ஒரு மணியாக இருந்தபோது 16 நிமிடம் மறைந்துபோனது. படி 10 நிமிடமாகும்போது அது மறையாது. மேகம் வந்து விலகும் நேரத்தில், உண்மைக் கண்ணாடி மெதுவாக ஆறும். கணினிக் கண்ணாடி சட்டென்று குளிர்ந்துவிடும்.

மூன்று, கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பது மட்டுமல்ல, மாலை நான்கு மணிக்கு ஏசி எவ்வளவு உச்சத்துக்குப் போகும், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மேல் எவ்வளவு சூடு வீசும், நிறம் சேர்த்த கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறிச் சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்திருந்தால் கண்ணாடி விரிசல் விடுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். இவை நிமிடக் கணக்குக் கேள்விகள். கண்ணாடிக் கற்கள், சூரிய மின்கலம் பதித்த கண்ணாடி, நடுவில் தண்ணீர் ஓடும் கண்ணாடி ஆகியவற்றில் வெப்ப ஏற்புத்திறனை விடவே முடியாது.

தீர்வு கடினமானதும் அல்ல. கண்ணாடி மெல்லியது என்பதால் அதன் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே ஒரு வெப்பநிலை, ஒரே ஒரு வெப்ப ஏற்புத்திறன் கொடுத்தால் போதும். முந்தைய படியின் வெப்பநிலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. 1967-ன் கணினிக்கு அது சுமையாக இருந்திருக்கலாம். இன்றைய மடிக்கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எதை முதலில் பார்ப்பது?

இந்தக் கடற்கரையில் வீடு கட்டுகிறவருக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது? மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வைத்துவிட்டு, அதன் வெப்ப ஏற்புத்திறனை நுணுக்கமாகக் கணக்கிட்டுப் பயனில்லை. சூத்திரத்தில் 52-க்கும் 7.6-க்கும் உள்ள வித்தியாசமே அதைச் சொல்லிவிடுகிறது. முதலில் திசை, பிறகு நிழல், பிறகு ஜன்னலின் அளவு, அதன் பிறகு கண்ணாடியின் வகை. இவை எல்லாம் சரியாக அமைந்த பிறகு, தடித்த கண்ணாடி இருந்தால், சிறிய படியில் சிமுலேஷன் செய்தால், அப்போது அந்த 12.6 கிலோஜூலைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

சிமுலேஷன் அறிக்கையை வாங்கிப் படிக்கிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டால் போதும். எத்தனை நிமிடப் படியில் கணக்கிட்டீர்கள்? கண்ணாடியின் மொத்தத் தடிமன் எவ்வளவு? கண்ணாடிக்கு எடை கொடுத்தீர்களா, இல்லையா? உப்பளத்தில் பாத்தியின் ஆழத்தைக் கேட்பது போன்ற கேள்விகள்தான் இவை. ஆழம் தெரியாமல் உப்பு எப்போது விளையும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.